பிக்கோ விநாடிச் சாட்சியம்: உலோகப் பரப்பில் குறுவாழ்வு வேதியினத்தைக் கண்டோம் என்பது எப்போது செல்லும்?

1. கேள்வி

மோட்டார் வாகனங்களின் புகைக்குழாயில் பொருத்தப்படும் வினையூக்கி மாற்றியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களின் நுண்துகள்கள் கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டைஆக்சைடாக மாற்றுகின்றன. உள்ளே போகும் வாயுவையும் வெளியே வரும் வாயுவையும் அளப்பது எளிது. நடுவில் உலோகத்தின் மேல் என்ன நடந்தது என்பதுதான் நூறாண்டுகளாக வேதியியலைத் தொந்தரவு செய்துவரும் கேள்வி. பிளாட்டினத்தின் மீது இவ்வினை நிகழும் விதத்தைப் பற்றி இர்விங் லாங்முயர் 1922இல் எழுதியபோது, பரப்பில் அடுத்தடுத்து ஒட்டியிருக்கும் இரண்டு இனங்கள் வினைபுரிவதையும், வாயுவிலிருந்து வந்து மோதும் மூலக்கூறு ஒட்டியிருப்பதோடு வினைபுரிவதையும் சேர்த்தே விவாதித்தார். இவற்றுள் முதல் வழியே உண்மையானது என்பதை 1970களின் இறுதியில் தாமஸ் எங்கெலும் கெர்ஹார்டு எர்ட்லும் பல்லேடியத்தின் (111) என்ற படிக முகத்தில் மூலக்கூற்றுக் கற்றைகளைப் பாய்ச்சி நிறுவினர். அந்த ஆய்வில் பரப்பின் மேலிருந்த எந்த இடைப்பட்ட நிலையும் கண்ணில் படவில்லை. வெளிவரும் கார்பன் டைஆக்சைடு எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதிலிருந்தே முடிவு பெறப்பட்டது.

அதன்பின் லேசர் வந்து சேர்ந்தது. இப்போது ஆய்விதழ்களில் உலோகப் பரப்பின் குறுவாழ்வு இடைப்பொருள்களை 'நேரடியாகக் கண்டோம்' என்ற கூற்றை அடிக்கடி பார்க்கிறோம். அக்கூற்று எந்த நிபந்தனைகளின்கீழ் செல்லும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. என் வாதம் இதுதான்: ஒரு நிறமாலை முகடு, அது எவ்வளவு தெளிவானதாக இருந்தாலும், தனியே சாட்சியம் ஆகாது. அந்த இனம் எத்தனை உள்ளது என்ற எண்ணிக்கையும், அது தோன்றி மறையும் காலமும், வினை நடக்கும் வேகத்தோடு பொருந்த வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், கொண்டாடப்பட்ட சில கண்டறிதல்கள் உறுதியாக நிற்கின்றன. வேறு சிலவற்றைத் தலைப்புகள் சொல்வதைவிடக் குறுகிய பொருளிலேயே ஏற்க முடியும்.

2. ஏன் இவ்வளவு கடினம்?

பிளாட்டினத்தின் (111) முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 × 10¹⁵ அணுக்கள் உள்ளன. அறை வெப்பநிலையில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், ஒரு கன சென்டிமீட்டர் வாயுவில் ஏறத்தாழ 2.5 × 10¹⁹ மூலக்கூறுகள் இருக்கின்றன. அதாவது பரப்பின் மீது நிற்கும் ஒரு மில்லிமீட்டர் தடிமனான வாயு அடுக்கில்கூட, பரப்பிலுள்ள அணுக்களைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் உண்டு. ஒளியைப் பாய்ச்சினால் அந்தக் கூட்டம்தான் முதலில் பதில் சொல்லும். இதனால்தான் பல பத்தாண்டுகளாகப் பரப்பு வேதியியல் மீயுயர் வெற்றிடத்துக்குள் ஒதுங்கி வாழ்ந்தது.

இதைவிடக் கடுமையான இடர் ஒன்று உண்டு. ஒரு வினை நிலையாக நடந்துகொண்டிருக்கும்போது, ஓர் இடைப்பொருள் எவ்வளவு இருக்கும் என்பதை வினைவேகமும் அதன் ஆயுளும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஓர் உலோக அணுவின் மேல் விநாடிக்குப் பத்து முறை வினை நிகழ்கிறது என்று கொள்வோம். இடைப்பொருளின் ஆயுள் ஆயிரத்தில் ஒரு விநாடி என்றால், எந்தக் கணத்திலும் நூற்றில் ஓர் அணுவின் மேல் அது இருக்கும். நல்ல கருவியால் அதைப் பிடித்துவிடலாம். ஆயுள் ஒரு பிக்கோ விநாடி, அதாவது விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்றால், ஒரு சதுர சென்டிமீட்டர் முழுவதிலும் எந்தக் கணத்திலும் சுமார் 15,000 மூலக்கூறுகள் மட்டுமே அந்நிலையில் இருக்கும். 10¹⁵இன் முன்னால் 15,000 ஒன்றுமே இல்லை. லேசர் துடிப்பு எவ்வளவு குறுகியதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. குறுகிய துடிப்பு கணத்தைக் கூர்மையாக வெட்டித் தரும். அக்கணத்தில் இல்லாத மூலக்கூறுகளை அது உண்டாக்கித் தராது. எல்லா மூலக்கூறுகளையும் ஒரே நேரத்தில் வினையைத் தொடங்க வைத்தால் மட்டுமே, ஒரு பிக்கோ விநாடி வாழும் நிலை காணும் அளவுக்குத் திரளும். இப்படி ஒருசேரத் தொடங்கி வைப்பதும் லேசரின் வேலைதான். ஆனால் அப்படித் தொடங்கிய வினை, வெப்பத்தால் இயல்பாக நடக்கும் வினையேதானா என்ற ஐயம் உடனே எழுகிறது. இத்துறையின் முதன்மைச் சிக்கல் இதுவே. பின்வரும் சான்றுகள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் இதற்குத் தரப்பட்ட விடைகள்தான்.

உலோகமும் தன் பங்குக்கு ஒரு தடையை வைக்கிறது. சோடியம் குளோரைடு படிகத்தின் மேல் ஒட்டிய கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு அதிர்வுற்றால், அவ்வதிர்வு 4.3 மில்லி விநாடிகள் நீடிக்கிறது என்று சாங், யூயிங் ஆகியோர் 1990இல் அளந்தனர். அதே மூலக்கூறு பிளாட்டினத்தின் மேல் ஒட்டியிருந்தால் அதிர்வு சுமார் 2 பிக்கோ விநாடிகளில் அடங்கிவிடுகிறது. ஏறத்தாழ 200 கோடி மடங்கு வேறுபாடு. உலோகத்தின் கட்டற்ற எலெக்ட்ரான்கள் அதிர்வாற்றலை நொடியில் வாங்கிக்கொள்வதே காரணம். இந்த ஒரு செய்தியிலேயே பரப்பு லேசர் வேதியியலின் இடையூறும் வாய்ப்பும் அடங்கியிருக்கின்றன: எலெக்ட்ரான்கள் மூலக்கூற்றிலிருந்து ஆற்றலை இவ்வளவு விரைவாக எடுக்க முடியுமானால், அதே வேகத்தில் அதற்குக் கொடுக்கவும் முடியும்.

3. பெரும்பான்மையே வினைபுரிவது என்ற மயக்கம்

முதல் சான்று வழக்கு எத்திலீன். ஹைட்ரஜனோடு சேர்ந்து எத்தேனாக மாறும் இவ்வினை, பிளாட்டினத்தின் மேல் அறை வெப்பநிலையிலேயே நடக்கும். வெற்றிடத்தில் எத்திலீன் பிளாட்டினத்தின் மேல் ஒட்டும்போது வெப்பநிலைக்கேற்ப மூன்று வடிவங்களைக் கொள்கிறது. ஒன்று, இரட்டைப் பிணைப்பு கலையாமல் மெல்ல ஒட்டும் பை-பிணைப்பு வடிவம். இரண்டாவது, இரு கார்பன்களும் இரு உலோக அணுக்களைப் பற்றிக்கொள்ளும் டை-சிக்மா வடிவம். மூன்றாவது, ஒரு ஹைட்ரஜனை இழந்து, மூன்று உலோக அணுக்களுக்கு நடுவே நட்டு நிற்கும் எத்திலிடின். அறை வெப்பநிலையில் பரப்பில் மிகுதியாகக் காணப்படுவது எத்திலிடின். எங்கும் அதுவே தெரிவதால், அதுவே வினையின் இடைப்பொருள் என்ற எண்ணம் வேரூன்றுவது இயல்புதான்.

இதைத் தீர்க்க உதவிய கருவி, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒய்.ஆர். ஷென்னின் குழு 1987இல் பரப்பு அதிர்வுகளுக்குப் பயன்படுத்திக் காட்டிய கூட்டு அதிர்வெண் நிறமாலையியல். அகச்சிவப்புத் துடிப்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளித்துடிப்பும் பரப்பின் ஒரே இடத்தில், ஒரே கணத்தில் சந்திக்கின்றன. அவற்றின் அதிர்வெண்களைக் கூட்டினால் வரும் அதிர்வெண்ணில் மூன்றாவது ஒளி புறப்படுகிறது. அகச்சிவப்பு, மூலக்கூற்றின் அதிர்வோடு ஒத்திசையும்போது அந்த ஒளி ஓங்குகிறது. முதன்மையான செய்தி என்னவென்றால், மையச் சமச்சீர் உள்ள ஊடகத்திலும், எத்திசையும் ஒன்றேயான வாயுவிலும் இந்நிகழ்வு பெருமளவு தடைபடுகிறது. பிளாட்டினத்தின் உட்புறம் மையச் சமச்சீர் உடையது. மேலே நிற்கும் வாயுவுக்குத் திசையில்லை. சமச்சீர் முறியும் இடம் இரண்டும் சந்திக்கும் பரப்பு மட்டுமே. ஆகவே மேலே எவ்வளவு வாயு இருந்தாலும் அது ஒளியை உறிஞ்சுமே தவிர, இக்குரலில் பேசாது. வெற்றிடத்துக்குள் ஒதுங்கியிருந்த பரப்பு வேதியியல் உண்மையான அழுத்தங்களுக்கு வெளியே வர வழிசெய்த கருவிகளுள் இது முதன்மையானது என்பது என் மதிப்பீடு.

1996இல் கிரெமர், சூ, ஷென், கேபர் சோமோர்ஜாய் ஆகியோர் இம்முறையில் எத்திலீன் வினையை அது நடந்துகொண்டிருக்கும்போதே பார்த்தனர். மூன்று வடிவங்களின் முகடுகளும் தெரிந்தன. எத்திலிடின் பரப்பில் நிறைந்திருந்தது. பை-பிணைப்பு எத்திலீனோ ஓர் அடுக்கில் சுமார் 4 விழுக்காடுதான். முடிவை நிலைநாட்டியது முகடுகளின் உயரமன்று, அவற்றை வைத்துச் செய்த சோதனை. எத்திலிடினை முன்கூட்டியே பரப்பி, டை-சிக்மா வடிவத்துக்கு இடமில்லாமல் செய்தபோதும் வினைவேகம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. எத்திலிடின் ஹைட்ரஜனோடு சேரும் வேகம், எத்திலீன் வினையின் வேகத்தைவிடப் பன்மடங்கு குறைவு என்பது அதற்கு முன்பே கதிரியக்கக் கார்பனை வைத்து அறியப்பட்டிருந்தது. எஞ்சியது அந்தச் சிறுபான்மை மட்டுமே. 4 விழுக்காடு என்ற எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிட்டால், பை-பிணைப்பு எத்திலீன் ஒவ்வொன்றும் வினைபுரியும் வேகம், ஒரு பிளாட்டின அணுவுக்கு என்று கணக்கிடும் வேகத்தைப்போல் 25 மடங்கு.

இந்த ஆய்வின் மேல் எழுப்பத்தக்க மறுப்பு ஒன்று உண்டு; அது இலேசானதன்று. கூட்டு அதிர்வெண் ஒளியின் செறிவு மூலக்கூறுகளின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் அமைவதில்லை. அதன் வர்க்கத்துக்கு நெருக்கமாக மாறும். நூற்றில் நான்கு பங்கு உள்ள இனத்தின் குறி, முழு அடுக்கின் குறியில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவாகத் தேய்ந்துவிடும். மூலக்கூறு எப்படிச் சாய்ந்து நிற்கிறது என்பதும் செறிவை மாற்றும். பரப்போடு படுத்திருக்கும் அதிர்வை உலோகத்தின் பிம்ப மின்சுமை ஏறத்தாழ அழித்துவிடுகிறது. பை-பிணைப்பு எத்திலீன் அப்படிப் படுத்திருக்கும் இனம்தான். போதாததற்கு உலோகத்தின் எலெக்ட்ரான்களே எழுப்பும் பின்னணி ஒளி மூலக்கூற்றின் குறியோடு குறுக்கிட்டு முகட்டின் வடிவத்தை மாற்றுகிறது. ஆகவே 4 விழுக்காடு என்பது தராசில் நிறுத்த எண் அன்று. மாதிரி ஒன்றின் வழியே பெறப்பட்டது. இதை ஏற்கிறேன். ஆனால் அந்த எண் இருமடங்கு தவறியிருந்தாலும் வாதம் சாயாது. ஏனெனில் வாதம் அந்த எண்ணின் மேல் மட்டும் நிற்கவில்லை. ஒன்றை அடைத்தும் வேகம் மாறவில்லை, மற்றொன்றின் வேகம் தனியே அளக்கப்பட்டுப் போதாது என்று தெரிந்தது என்ற இரண்டு சோதனைகளின் மேலும் நிற்கிறது. நிறமாலை, எண்ணிக்கை, வேகம் மூன்றும் ஒன்றை ஒன்று தாங்கும்போது ஒன்றின் பலவீனம் முழுக் கட்டடத்தையும் வீழ்த்துவதில்லை.

இவ்விடத்தில் வேறு இரு முறைகளைச் சுருக்கமாகக் குறிக்க வேண்டும். 1980களிலிருந்து லேசர் தூண்டு ஒளிர்வு முறையால், சூடான பிளாட்டினத்திலிருந்து கிளம்பும் ஹைட்ராக்சில் உறுப்புகளை வாயுவிலேயே பிடித்து அளந்து வருகின்றனர். மிக நுண்ணிய முறை. எரிதல் வேதியியலுக்குப் பெரிதும் பயன்பட்டது. எனினும் அது காட்டுவது தப்பி வந்தவற்றை. பரப்பிலேயே வினைபுரிந்து தீர்ந்தவற்றை அன்று. மற்றொன்று, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமன் 1928இல் கல்கத்தாவில் கண்ட ஒளிச்சிதறலின் வழிவந்தது. மெல்லிய சிலிக்கா உறையிட்ட தங்க நுண்கோளங்களைப் பரப்பில் தூவி இராமன் குறியைப் பெருக்கும் முறையைச் சீனாவின் ஷியாமென் பல்கலைக்கழகத்தில் 2010இல் உருவாக்கினர். பிளாட்டின ஒற்றைப் படிகத்தின் மேல் ஆக்சிஜன் ஒடுக்க வினையின் இடைப்பொருள்களை 2019இல் அதன்மூலம் அறிவித்தனர். ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியத்தை இட்டு முகடு நகர்கிறதா என்று பார்த்தது அவ்வாய்வின் வலிமை. அந்த இனத்தின் எண்ணிக்கை வினைவேகத்தை விளக்கப் போதுமா என்ற கேள்விக்கு இராமன் குறியின் உயரம் தானாக விடை தராது. தங்கக் கோளத்தின் அருகிலிருப்பவை மட்டுமே உரக்கப் பேசும் என்பதே காரணம்.

4. கடிகாரம் மட்டும் கையில் இருந்தபோது

எத்திலீன் வழக்கில் இடைப்பொருளின் ஆயுள் நிலையான அளவீட்டுக்குப் போதுமானதாக இருந்தது. கார்பன் மோனாக்சைடின் ஆக்சிஜனேற்றத்தில் அந்த வசதி இல்லை. ஒட்டிய கார்பன் மோனாக்சைடும் ஒட்டிய ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தால் நேரே கார்பன் டைஆக்சைடுதான். நடுவில் தங்கி இளைப்பாறும் பொருள் எதுவும் இல்லை. நடுவில் இருப்பது மாறுநிலை. இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு இடைப்பட்ட மலைக்கணவாயின் உச்சியைப் போன்றது அது; கடப்பவர் உண்டு, குடியிருப்பவர் இல்லை.

பெர்லினின் ஃபிரிட்ஸ் ஹாபர் நிறுவனத்தில் மிஷா பான், மார்ட்டின் வுல்ஃப், எர்ட்ல் ஆகியோர் அடங்கிய குழு 1999இல் ருத்தேனியத்தின் (0001) முகத்தை எடுத்துக்கொண்டது. இதன்மேல் கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜனையும் சேர்த்து ஒட்டவைத்து, வெற்றிடத்தில் மெல்லச் சூடாக்கினால் கார்பன் டைஆக்சைடு வருவதில்லை. ஆக்சிஜன்–ருத்தேனியம் பிணைப்பு அசையும் முன்பே கார்பன் மோனாக்சைடு கழன்று போய்விடுகிறது. அதே பரப்பின் மேல் ஃபெம்டோ விநாடி (பிக்கோ விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவிலான லேசர் துடிப்பைச் செலுத்தியபோது கார்பன் டைஆக்சைடு வந்தது. துடிப்பு முதலில் எலெக்ட்ரான்களைச் சூடாக்குகிறது. அவற்றின் வெப்பக்கொள்ளளவு மிகச் சிறியது என்பதால் ஒரு பிக்கோ விநாடியளவுக்கு அவை சில ஆயிரம் கெல்வின்களைத் தொடுகின்றன. படிகத்தின் அணுக்கள் அதன்பிறகே மெல்லச் சூடாகின்றன. இந்த இடைவெளியில் சூடான எலெக்ட்ரான்கள் ஆக்சிஜனின் பிணைப்பைத் தளர்த்திவிடுகின்றன என்பது அவர்கள் முடிவு.

இம்முடிவை அவர்கள் எட்டிய முறை பாராட்டுக்குரியது. பரப்பின் மேல் எந்த இடைப்பட்ட இனத்தின் நிறமாலையையும் அவர்கள் காட்டவில்லை. இரண்டு துடிப்புகளை அடுத்தடுத்துச் செலுத்தி, அவற்றுக்கிடையேயான இடைவெளியை மாற்றிக்கொண்டே விளைபொருளின் அளவை எடுத்தனர். கார்பன் டைஆக்சைடின் விளைவு, இடைவெளி சுமார் 3 பிக்கோ விநாடிகளைத் தாண்டினால் சரிந்தது. கழன்று போகும் கார்பன் மோனாக்சைடோ சுமார் 20 பிக்கோ விநாடிகள் வரை தாக்குப்பிடித்தது. முன்னது எலெக்ட்ரான்களின் கடிகாரம், பின்னது படிக அதிர்வுகளின் கடிகாரம். ஆக்சிஜனின் எடைமிகுந்த ஐசோடோப்பை இட்டபோது விளைவு குறைந்ததும் எலெக்ட்ரான் வழியையே சுட்டியது. இங்கே கடிகாரம் இருந்தது, எண்ணிக்கை இருந்தது, முகம் மட்டும் தெரியவில்லை. முகத்தையும் கடிகாரத்தையும் சேர்த்துப் பார்க்கும் முயற்சிக்கு 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு நல்ல முன்னோடி: படிகள் வெட்டிய பிளாட்டினப் பரப்பில் கார்பன் மோனாக்சைடு படியோரத்திலிருந்து சமதளத்துக்கு இடம் மாறுவதைக் கூட்டு அதிர்வெண் முறையில் 500 ஃபெம்டோ விநாடிக்குள் பான் குழுவினர் கண்டனர். ஆனால் அது இடப்பெயர்ச்சி. பிணைப்பு உருவாதல் அன்று.

5. எக்ஸ் கதிர் லேசரின் இரண்டு கூற்றுகள்

கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் 2009 ஏப்ரலில் முதன்முதலாக ஒளிர்ந்த கட்டற்ற எலெக்ட்ரான் லேசர், எக்ஸ் கதிர்களை ஃபெம்டோ விநாடித் துடிப்புகளாகத் தந்தது. ஆக்சிஜன் அணுவின் உள்கூட்டு எலெக்ட்ரானைத் தட்டியெழுப்பும் ஆற்றலுக்கு இதை இசைத்தால், அந்த அணு எதனோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பது நிறமாலையில் தெரியும். ஆண்டர்ஸ் நில்சனும் உடனுழைத்தோரும் இதைக்கொண்டு அதே ருத்தேனியப் பரப்பை இரண்டு முறை ஆராய்ந்தனர்.

2013இல் வெளிவந்த முதல் ஆய்வில் பரப்பின் மேல் கார்பன் மோனாக்சைடு மட்டுமே. ஒளித்துடிப்பு விழுந்தபின் சில பிக்கோ விநாடிகளில் மூலக்கூறுகளின் எலெக்ட்ரான் அமைப்பு மாறியது. உலோகத்தோடு உள்ள பிடி தளர்ந்தது. ஆனால் அவை பறந்துவிடவில்லை. ஏறத்தாழ 30 விழுக்காடு மூலக்கூறுகள் பிணைந்தும் பிணையாமலும் பரப்பின் அருகிலேயே திரியும் ஒரு முன்னிலையில் சிக்கியிருந்தன. இக்கூற்றை நான் ஏற்பதற்குக் காரணம் அழகிய நிறமாலை அன்று. இந்த ஆய்வுக்கு நெடுங்காலம் முன்பே, லேசர் இல்லாமல், மெல்லச் சூடாக்கிக் கழற்றும் சோதனைகளில் உலோகங்களிலிருந்து மூலக்கூறுகள் கழலும் வேகத்தில் எதிர்பாராத அளவுக்கு உயர்ந்த முன்காரணிகள் (வேகச் சமன்பாட்டில் அடுக்குக்குறி உறுப்புக்கு முன்நிற்கும் பெருக்கெண்கள்) அளக்கப்பட்டிருந்தன. பிணைந்த நிலைக்கும் முன்னிலைக்கும் இடையே என்ட்ரோபியால் உண்டாகும் தடை ஒன்றைக் கொண்டு கணக்கிட்டபோது அந்தப் பழைய எண்களுக்கும் விளக்கம் கிடைத்தது. லேசரால் தூண்டிய வினையில் கண்ட நிலை, லேசரே படாத சோதனையின் முரணைத் தீர்க்கிறது. செயற்கையாகத் தூண்டியதால் தோன்றிய போலி நிலையாக இருக்கலாமே என்ற ஐயத்துக்கு இதைவிட வலுவான மறுமொழியை எதிர்பார்க்க முடியாது.

2015இல் வந்த இரண்டாவது ஆய்வில் ஆக்சிஜனும் உடனிருந்தது. துடிப்பு விழுந்த சில நூறு ஃபெம்டோ விநாடிகளில் இரண்டும் அசையத் தொடங்கின. ஒரு பிக்கோ விநாடிக்கு அருகில் ஆக்சிஜனின் நிறமாலையில் அதுவரை இல்லாத குறிகள் தோன்றின. அடர்த்திச் சார்புக் கோட்பாட்டுக் கணக்கீடுகளோடு ஒப்பிட்டு, கார்பன் மோனாக்சைடுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே பிணைப்பு அரும்பும் நிலையின் அடையாளம் இது என்று அவர்கள் படித்தனர். கார்பன் மோனாக்சைடில் சுமார் 10 விழுக்காடு மாறுநிலைப் பகுதியில் இருந்தது என்பது கணிப்பு. கணவாயின் உச்சியைக் கண்ணால் கண்டதாகச் செய்திகள் பரவின.

6. மறுப்புகளும் எடைபோடலும்

முதல் மறுப்பு பரப்பைப் பற்றியது. ருத்தேனியம் வெற்றிடத்தில் மோசமான வினையூக்கி. உயர்ந்த ஆக்சிஜன் அழுத்தத்தில் அது சுறுசுறுப்பாகும்போது, வேலை செய்வது உலோகமா, அதன்மேல் படியும் ஆக்சைடா என்ற விவாதமே நடந்தது. ஹெர்பர்ட் ஓவரும் எர்ட்லும் உடனுழைத்தோரும் 2000இல் ருத்தேனியம் டைஆக்சைடின் (110) முகத்தை அணு அளவில் விவரித்து ஆக்சைடின் பக்கம் வலுவான சான்று தந்தனர். அப்படியானால் வெறும் ருத்தேனியத்தில் கண்டது எந்த உண்மையான வினையூக்கிக்கும் பொருந்தாதே என்று கேட்கலாம். இம்மறுப்பு பாதியளவே செல்லும். ருத்தேனியம் தேர்ந்தெடுக்கப்பட்டது அதன் சோம்பலுக்காகவே. வெப்பத்தால் தானே வினைபுரியும் பரப்பில், துடிப்பு விழும் முன்பே பொருள் தீர்ந்துவிடும். ஒருசேரத் தொடங்கி வைக்க முடியாது. இது எந்தத் தொழிற்சாலை வினையூக்கியையும் பிரதிநிதிப்பதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. கார்பனும் ஆக்சிஜனும் உலோகத்தின் மேல் பிணையும் விதத்தையே சோதிக்கிறது.

இரண்டாவது மறுப்பு ஆழமானது. வெப்பச் சமநிலையில் மாறுநிலையில் இருக்கும் மூலக்கூறுகள் மிகமிகச் சொற்பம் என்று இரண்டாம் பகுதியின் கணக்கே காட்டியது. 10 விழுக்காடு என்பது எலெக்ட்ரான்களைச் சில ஆயிரம் கெல்வினுக்கு ஏற்றியதால் கிடைத்த கூட்டம். கணவாயை எட்டிய எல்லாம் கடந்துவிடுவதும் இல்லை. இப்பரப்பில் துடிப்புக்குப் பின் வெளியேறுவதில் கார்பன் மோனாக்சைடே மிகுதி, கார்பன் டைஆக்சைடு சிறுபான்மை. ஆகவே அங்கே கண்ட கூட்டத்தில் எவ்வளவு உண்மையில் கடந்தது, எவ்வளவு எட்டிப் பார்த்துத் திரும்பியது என்பதை நிறமாலை பிரித்துச் சொல்லவில்லை. மூன்றாவதாக, புதிய குறிகளுக்குப் பொருள் கற்பித்தது கணக்கீடு. எத்திலீன் முகடுகளை வெற்றிடத்தில் தனித்தனியே தயாரித்து ஒப்பிட முடிந்தது. மாறுநிலையைத் தனியே தயாரித்து வைத்துக்கொண்டு ஒப்பிட எவராலும் முடியாது.

இம்மறுப்புகள் ஆய்வைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அதன் கூற்றின் எல்லையை வரைகின்றன. 1999இன் சோதனை எலெக்ட்ரான் வழியின் கடிகாரத்தைச் சில பிக்கோ விநாடிகள் என்று தனியே வைத்திருந்தது. 2015இல் புதிய குறிகள் தோன்றிய காலம் அதற்குள் அடங்குகிறது. முற்றிலும் வேறுபட்ட இரு முறைகள் காலத்தில் ஒத்துப்போவது தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆகவே, ஆக்சிஜனும் கார்பன் மோனாக்சைடும் நெருங்கிப் பிணைப்பு அரும்பும் வடிவங்கள் அப்பரப்பில் உண்மையில் தோன்றின என்பதை ஏற்கிறேன். அவ்வடிவங்களின் பரவல் வெப்பத்தால் நடக்கும் வினையின் பாதையைக் காட்டுகிறது என்பதை ஏற்கவில்லை. அதற்குத் தேவையான வெளிச்சான்று, 2013இன் முன்னிலைக்குப் பழைய கழற்றல் அளவீடுகள் தந்ததைப் போன்ற ஒன்று, இங்கே முன்வைக்கப்படவில்லை.

கருவி நுண்மையாகும்போது முகடே போதும் என்ற நம்பிக்கை வளர்வது இயல்பு, அதுவே ஆபத்தும். மெல்லிய குறியைப் பிடிக்கும் திறன் ஏறஏற, வினைக்குத் தொடர்பில்லாத பார்வையாளர் இனங்களும் மிகுதியாகவே அகப்படும். எத்திலிடின் நல்ல எச்சரிக்கை: தெளிவாகத் தெரிந்தது, மிகுதியாக இருந்தது, ஆனால் வினையில் பங்கு இல்லை. குறுவாழ்வு இனத்தை அறிவிக்கும் ஒவ்வொரு கட்டுரையும் நிறமாலையோடு அந்த இனத்தின் எண்ணிக்கையையும், அந்த எண்ணிக்கை விளைபொருளின் வேகத்தோடு பொருந்துகிறதா என்ற கணக்கையும், தூண்டும் துடிப்பின் செறிவைக் குறைத்தால் காலமும் பங்கும் எப்படி மாறுகின்றன என்ற அளவீட்டையும் சேர்த்தே தர வேண்டும் என்று ஆய்விதழ்கள் கேட்பது நியாயம். மூன்றாவது கோரிக்கை நீண்டகாலம் நடைமுறைக்கு ஒவ்வாததாக இருந்தது. துடிப்பைத் தணித்தால் குறி இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். ஸ்லாக்கின் பழைய லேசர் விநாடிக்கு 120 துடிப்புகளே தந்தது. 2023 செப்டம்பரில் அங்கே முதல் ஒளியைத் தந்த புதிய மீக்கடத்து லேசர், விநாடிக்குப் பத்து லட்சம் துடிப்புகள் வரை தருவதற்கென வடிவமைக்கப்பட்டது.